பொடி போட்ட குழம்பைக் கொதிக்க வைக்காதே

அந்த டாக்டர் பொய் எழுதியிருக்கிறார். குழம்பை மறுபடியும் கொதிக்க வைக்க வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னவர் அவர். கொதிக்க வைக்காமல் விட்டதுதான் சமையல்காரர்கள் செய்த தவறு என்று தன் ஆராய்ச்சி நிலையத்தின் செய்தி மடலில் எழுதியவரும் அவரே. சமையல்காரர்கள் என்று அவர் குறிப்பிட்டது என் அண்ணியை. அண்ணிக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. உணவு ஆராய்ச்சியில் பெரிய படிப்புப் படித்து அந்தப் பட்டத்தை வாங்கியவர். பழத்திலும் பழத்தோலிலும் இருக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டு சாப்பாட்டில் கிருமி பெருகாமல் தடுப்பது அவருடைய வேலை. நம் ஆள், தமிழர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பெருமையால்தான் நாங்கள் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற சில்லுகளை நல்லது, கெட்டது என்று பிரித்துப் போடும் வேலை. கம்பெனி ஆள் குறைத்தபோது வெளியே வந்தேன். அண்ணி, என் அண்ணன் மனைவி, அப்போது சுங்கை லாலாங்கில் தன் வீட்டுப் பின்கட்டில் தகரம் போட்டு, அனுமதி வாங்கி, சாப்பாடு செய்து விற்றுக்கொண்டிருந்தார். சும்மா இருக்கிறாயே, வந்து கை கொடு என்றார். போனேன். அண்ணன் இல்லை, இறந்துவிட்டார். அந்தச் சமையலறைதான் அண்ணியின் பிழைப்பு.

எங்கள் சாப்பாடு கம்பெனி பஸ்ஸில் போகிற சாப்பாடு. மத்தியான ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து முனையில் வந்து நிற்கும். ஏறுகிறவர்கள் எங்களிடம் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். சாயங்காலம் இடைவேளையில்தான் பிரிப்பார்கள். நாங்கள் கட்டியதற்கும் அவர்கள் வாயில் வைப்பதற்கும் நடுவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்த ஐந்து மணி நேரம் கெடாமல் இருக்க வேண்டும். எங்கள் தொழிலே அதுதான். ருசி அதற்கு அப்புறம்.

அண்ணி குழம்பை முதல் நாள் சாயங்காலமே வைத்துவிடுவார். குளிர்பெட்டியில் அந்தச் சட்டி நுழையாது. அடுப்பை அணைத்து மூடி போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாரும் கரண்டி விடக்கூடாது. நான் ஒரு முறை ருசி பார்க்கப் போய்க் கையில் அடி வாங்கினேன், ஐம்பது வயதில். விடிந்ததும் எழுந்து, முகம் கழுவுவதற்கு முன்னால், சட்டிக்கு அடியில் கேஸைப் பற்ற வைப்பார். குழம்பு நடுவில் மட்டும் குமிழ் விட்டால் போதாது, ஓரமெல்லாம் பொங்கி வர வேண்டும். அது பொங்குகிற நேரத்தில் சிலுவை போட்டு ஜெபம் சொல்லி முடிப்பார். ஜெபமும் கொதியும் ஒன்றாக முடியும். பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு முறை கொதிக்க வைப்பார். குளிர்பெட்டி இல்லாத தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். யாரும் இதைச் சமையல் குறிப்பாகச் சொல்ல மாட்டார்கள். பல் விளக்குவதை யாராவது சொல்வார்களா?

டாக்டர் முதல் முறை வந்தது இந்தச் சமையலறைக்குத்தான். எங்கள் மீன் குழம்பு மூன்று நாள் கெடாது என்று பஸ்ஸில் போகிற ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு காலை நேரத்தில் வந்தார். கைப்பேசியைக் காலுள்ள தாங்கியில் பொருத்தி அடுப்பைப் பார்க்க நிறுத்திவிட்டு, என்னிடம் கேட்க ஆரம்பித்தார்.

"மீன் குழம்புல என்ன போடுறீங்கக்கா, இவ்ளோ நாள் நிக்குது?"

"அசாம் கெப்பிங்தான். வேற ஒன்னும் இல்ல லா."

அசாம் கெப்பிங் என்பது எங்கள் பக்கத்துப் புளிப்புக் காய். வில்லை வில்லையாக அரிந்து கருக்கக் காயவைத்துப் பசாரில் விற்பார்கள். மீன் குழம்பு என்றால் இங்கே தமிழர் வீட்டிலும் அதுதான் புளி.

"எத்தன துண்டு?"

"தெரியலயே. அண்ணி, எத்தன துண்டு போடுவீங்க?"

"கைக்கு வந்தது" என்றார் அண்ணி, திரும்பாமல்.

"கைக்கு வந்ததுன்னு எழுதினா எனக்கு அடுத்த வருசம் ஆராய்ச்சிக்குக் காசு குடுக்க மாட்டாங்கக்கா" என்று சிரித்தார்.

"அப்ப வந்து என் கைய அளந்துட்டுப் போங்க."

நாங்களும் சிரித்தோம். அண்ணி திரும்பாததற்குக் காரணம் இருந்தது. முதல் நாள் மீன் குழம்பு அப்போது அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசி அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. குழம்பு பொங்குவதும், அண்ணி அதன் முன்னால் நின்று உதடு அசைப்பதும் அந்தப் பதிவில் இருக்கும். அழிக்காமல் இருந்தால்.

என் தவறு இதில் இருக்கிறது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார், போடுகிற பொருளைச் சொன்னேன். தினம் இரண்டு முறை கொதிக்க வைக்கிறோம் என்பதை நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடம் சில்லில் பழுது தேடியவள், என் மூக்குக்கு முன்னால் கொதித்ததைப் பார்க்கவில்லை. பாதிப் பதிலைக் கொடுத்தேன். அவர் அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு போய் ஒரு பொடி செய்தார்.

சில மாதம் கழித்து டாக்டரின் நிலையத்தார் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கோயில் என்று எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் சொல்வது மாதா கோயிலை. சுற்று வட்டாரத்தில் சாப்பாடு செய்து விற்கும் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் படம் காட்டினார் டாக்டர். வட்டமான ஒரு கண்ணாடித் தட்டு. அதில் பால் ஆடை மாதிரி படர்ந்திருப்பது கிருமி. நடுவில் பொட்டு அளவு காகிதம். அந்தக் காகிதத்தில் அசாம் சாறு. காகிதத்தைச் சுற்றி ஆடை இல்லை, வளையம் மாதிரி துப்புரவாக இருந்தது. அந்த வளையத்துக்குள் கிருமி வரவில்லை என்று அர்த்தம்.

நான் அசந்து போனேன். சுத்தமான ஓரத்தைப் பார்த்தால் நம்பிவிடுவது என் தொழில் கொடுத்த பழக்கம்.

மரம் தன் காயை அழுகலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றச் செய்துகொள்கிற பொருள்கள் இவை என்றார். மங்குஸ்தான் தோலில் ஒரு வகை, எலுமிச்சைத் தோலில் ஒரு வகை, மாதுளைத் தோலில் ஒரு வகை. அசாமில் புளிப்பே பெரிய ஆயுதம். அந்தப் புளிப்பு கிருமியின் உடம்புக்குள் புகுந்து அதை வளர விடாமல் செய்யும். கடையில் விற்கும் ரசாயனம் வேண்டாம், நம் காயே போதும். இதெல்லாம் நன்றாகத்தான் சொன்னார். இதில் பொய் இருப்பதாக இன்றைக்கும் நான் சொல்லவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, பெடோங் பக்கம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறவர், கை தூக்கினார்.

"டாக்டர், இந்தப் பொடி போட்டா காலைல திரும்ப கொதிக்க வெக்கணுமா?"

"வேணாங்கக்கா. பொடி போட்டப்புறம் கொதிக்க விட்டா அதோட சக்தி போயிடும். லேசா சுட வெச்சா போதும். கொதிக்க விடாதீங்க. கேஸும் மிச்சம், தூக்கமும் மிச்சம்."

"அப்ப விடியகாலைல எந்திரிக்கத் தேவையில்லன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

பின்னாலிருந்து இன்னொருவர், "அவருக்கும் கொஞ்சம் பொடி போட்டு விடு. கெட்டுப் போகாம இருப்பாரு" என்றார்.

மண்டபமே சிரித்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டாக்டரும் சிரித்தார். நாற்பது பெண்கள் இருந்திருப்போம். நாற்பது பேரும் அதைக் கேட்டோம். அந்த அக்காவின் கேலி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கேலிக்கு முன்னால் டாக்டர் என்ன சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது. டாக்டருக்கு மட்டும் இல்லை.

ஆளுக்கு ஒரு பை பொடியும் ஒரு தாளும் கொடுத்தார்கள். மலாயில் அச்சடித்தது. எத்தனை கிலோவுக்கு எத்தனை கரண்டி பொடி, எப்போது கலக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று இருந்தது. கொதிக்க வைப்பதைப் பற்றி அதில் வைக்கச் சொல்லியும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. வாயால் சொன்னது வாயோடு போயிற்று.

முதலில் மீன் குழம்பில் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. அது ஏற்கெனவே புளிப்புக் குழம்பு, பொடி போடாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்புறம் கோழிக் குழம்புக்கு வந்தோம். தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குழம்பு. பஸ் ஓட்டுகிறவர் இரண்டாம் நாளே கேட்டார்.

"என்னாண்ணி, கோழி மீன் மாதிரி புளிக்குது?"

"ஒங்க நாக்குதான் புளிச்சுக் கெடக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அண்ணி தேங்காய்ப்பாலைக் கூட்டினார். ஒரு கரண்டி சீனியும் போட்டார். புளிப்பு அமுங்கியது. புளிப்பு அமுங்கினால் பொடியின் வேலையும் அமுங்கும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் அந்தக் குழம்பை ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. ஆனாலும் அது எங்கள் கை செய்தது. அதை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

கொதிக்க வைக்காமல் இருப்பது அண்ணிக்கு முடியவில்லை. பழக்கப்படி விடியலில் எழுந்து அடுப்புக்கு முன்னால் போய் நிற்பார். கேஸ் திருகில் கை இருக்கும். நான் பின்னாலேயே போவேன்.

"அண்ணி, லேசா சுட வெச்சா போதும்னாருல்ல."

"இல்லம்மா, ஒரு கொதி வந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"சக்தி போயிடும்னாரு. படிச்சவரு சொன்னா கேளுங்க. செனாங்தானே ஒங்களுக்கு?"

செனாங் என்றால் இங்கே சுலபம். சுலபம்தான். தீயைக் குறைத்து, சட்டியை வெதுவெதுப்பாக்கி, அப்படியே விட்டோம். அண்ணி ஜெபத்தை மட்டும் சொன்னார். அவர் கையைத் திருகிலிருந்து எடுக்க வைத்தவள் நான். இதை அச்சில் போடுகிறேன், என் பெயர் இல்லாமல் இருந்தாலும் எங்கள் ஊரில் நான் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கோழிக் குழம்பு. முதல் நாள் சாயங்காலம் வைத்தது, இராத்திரி முழுக்கச் சட்டியில் மெதுவாக ஆறியது, காலையில் வெதுவெதுப்பாக்கிக் கட்டிக் கொடுத்தது. வாசனையில் ஒன்றும் இல்லை. நான் ருசி பார்த்தேன், ருசியிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம் பஸ் நின்ற இடத்தில் பாதிப் பேர் இல்லை. பஸ் ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். வழக்கமாகக் கிண்டலோடு வருகிறவர்.

"அண்ணி, இன்னிக்கி விக்காதீங்க. நேத்து சாப்ட்டவங்க எல்லாருக்கும் வயித்துப்போக்கு. செல பேரு ஆஸ்பத்திரில இருக்காங்க. வீட்டுக்குப் போங்க. யாராச்சும் வந்து கேப்பாங்க."

அண்ணி கையில் இருந்த பொட்டலங்களைக் கூடையில் திரும்ப அடுக்கினார். ஒன்றின் மேல் ஒன்றாக, நேராக. அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

நோயாளிகளில் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பம். அவளை மட்டும் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். குழந்தைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சில நாள் அண்ணி சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை, எனக்கும் இறங்கவில்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு மலாய் அம்மா வந்தார். கத்தவில்லை. சட்டியில் மிஞ்சியிருந்த குழம்பை எடுத்துப் போனார். இரண்டு வாரம் சமையலறையை மூடச் சொல்லி வாசல் கம்பியில் தாள் ஒட்டினார். மறுபடி வந்தபோது முடிவைச் சொன்னார். மலாயில்தான் பேசினார், எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

கோழியில் இருக்கக்கூடிய ஒரு கிருமி. சமைக்கும்போது கொதித்தாலும் முழுக்கச் சாகாது. விதை மாதிரி உறங்கிக் கிடக்கும். பெரிய சட்டி மெதுவாக ஆறும்போது அந்தச் சூட்டில் முளைக்கும், பெருகும். காலையில் நன்றாகக் கொதிக்க வைத்தால் முளைத்தது சாகும். லேசாகச் சுட வைத்தால் அதற்குப் போர்வை போர்த்திய மாதிரி. மணத்தையோ ருசியையோ மாற்றாது. புளிப்பு அதிகமாக இருந்தால் வளரத் தயங்கும், ஆனால் தேங்காய்ப்பால் கோழிக் குழம்பில் அவ்வளவு புளிப்பு இருந்தால் ஒரு மனிதனும் சாப்பிட மாட்டான். காலையில் கொதிக்க வைப்பதும் போதாது, சூடாகவே வைத்திருக்க வேண்டும் அல்லது சின்னப் பாத்திரங்களில் பிரித்து உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்றார். அதாவது அண்ணியின் பழைய முறையிலும் ஓட்டை இருந்தது. நாங்கள் இத்தனை வருடம் தப்பித்தோம், அவ்வளவுதான். அதையும் கேட்டுக்கொண்டோம்.

அப்புறம் அவர் கேட்டார், "முன்பெல்லாம் காலையில் என்ன செய்வீர்கள், கக்?"

கக் என்றால் அக்கா. அண்ணி, கொதிக்க வைப்பேன் என்றார்.

"ஏன் நிறுத்தினீர்கள்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டர், மண்டபம், பொடி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் அவர்கள் கோப்பில் இருக்கிறது. முன்பு என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டிருந்தால், நானும் அன்றைக்கே முழுப் பதிலைச் சொல்லியிருப்பேன்.

டாக்டருக்கு நான் போன் செய்தேன். முதல் முறை எடுத்தார்.

"கொதிக்க வெக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அக்கா, நான் தாள்ல எழுதிக் குடுத்தேனா?"

"வாயால சொன்னீங்க. எல்லாரும் கேட்டோம்."

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லக்கா. நான் பொதுவா ஏதாச்சும் சொல்லிருப்பேன். இப்ப மீட்டிங்ல இருக்கேன்."

அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் எத்தனை முறை அடித்தேன் என்று எண்ணவில்லை.

கொதித்தால் சக்தி போய்விடும் என்றாரே, அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அசாம் வில்லையை நாங்கள் ஆயுள் முழுக்கக் கொதிக்க வைத்துத்தான் புளிப்பு இறக்கியிருக்கிறோம். கொதித்து ஒரு நாளும் புளிப்பு குறைந்ததில்லை. கண்ணாடித் தட்டில் கிருமியும் சாறும் மட்டும் இருந்தன. எங்கள் சட்டியில் கோழி இருந்தது, கொழுப்பு இருந்தது, தேங்காய்ப்பால் இருந்தது. தட்டில் நடந்தது சட்டியில் நடக்குமா என்று பார்த்தாரா? பார்த்திருந்தால் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அந்தச் செய்தி மடல் வந்தது. இங்கிலீஷிலும் மலாயிலும். கம்பெனியில் பாரம், அதாவது படிவம், நிரப்பியே எனக்கு இங்கிலீஷ் பழக்கம், அதனால் நானே படித்தேன். பொடி நல்ல பலன் தந்தது என்று ஒரு பக்கம். ஓரிடத்தில் மட்டும் சிறு சம்பவம் ஏற்பட்டது, அது சமையல்காரர்கள் கட்டாயமான மறுகொதியைத் தவிர்த்ததால் நேர்ந்தது என்று மூன்று வரி. கட்டாயமான என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தேன். அண்ணிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். அண்ணி கண்டுபிடித்துவிட்டார்.

"எதையோ முழுங்குறியே, முழுசா படி."

படித்தேன்.

"நம்ம மேலயா போட்டாரு?" என்றார்.

இரண்டு வாரம் முடிந்து, வாசலில் ஒட்டிய தாள் கிழிக்கப்பட்டுச் சமையலறை திறந்துவிட்டது. ஆனால் கம்பெனிக்காரர்கள் பஸ் நிற்கிற இடத்தில் எங்களை விற்க விடவில்லை. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு வா என்றார்கள். நிலையத்தில் கேட்டால் ஒரு பாரம் அனுப்பினார்கள். மறுகொதியை நாங்கள் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம், இனிமேல் சரியாகச் செய்வோம் என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே அண்ணியின் பெயருக்கும் கையெழுத்துக்கும் கோடு. போட்டால் கடிதம் வரும், பஸ் வியாபாரம் திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் ஒன்றும் இல்லை.

அண்ணி பேனாவை எடுத்தார்.

"போடாதீங்கண்ணி."

"உண்மைதானேம்மா? கொதிக்க வெக்கலதானே?"

"ஏன் வெக்கலன்னு எழுத எடம் இருக்கா பாருங்க."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடம் இல்லை. கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே, விளிம்பில், மலாயில் ஒரு வரி எழுதினார். அண்ணிக்கு மலாய் எழுத வரும், ஆரம்பப் பள்ளி வரைக்கும் படித்தவர். டாக்டர்தான் வேண்டாம் என்று சொன்னார், அவ்வளவே. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டார். அனுப்பினோம்.

பத்து நாளில் திரும்பி வந்தது. கூட ஒரு புதுப் பாரம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டுக் காகிதம் ஒட்டி, வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று குறித்திருந்தார்கள்.

அண்ணி அதில் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அரிசி வாளியின் மூடி மேல் கிடக்கிறது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி வைத்துவிட்டு எடுக்கிறார். வீட்டு விசேஷங்களுக்கு யாராவது சொன்னால் சமைத்துக் கொடுக்கிறோம். சொல்கிறவர்கள் குறைவு. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்ததும் அண்ணி போய்ப் பார்த்தார், நானும் போனேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். "ஒங்க மேல கோவம் இல்லண்ணி. ஆனா இனிமே ஒங்ககிட்ட வாங்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னது நியாயம்.

பழத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. புளிப்பு கிருமியைத் தாமதப்படுத்தும், அதற்கு மேல் அதைத் தனியாக நம்பக் கூடாது என்று சொல்லியிருந்தால் போதும். நாங்கள் அடுப்பை அணைத்திருக்க மாட்டோம். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பொடியில் ஒரு குற்றமும் இல்லை. அதோடு சேர்த்துக் கொடுத்த வாய்ப்பேச்சில்தான் குற்றம்.

இதை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வாரம் பார்த்த ஒரு சுவரொட்டி. அடுத்த மாதம் டாக்டர் பெண்டாங்கில் அதே பொடியைக் காட்டப் போகிறார். அங்கே கூடப்போகிற பெண்கள் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைகளுக்குச் சமைக்கிறவர்கள். வயல் வீட்டுப் பெண்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் பெரிய சட்டி உண்டு, காலையில் கொதிக்க வைக்கும் பழக்கம் உண்டு. அவர்களிலும் ஒருத்தி கை தூக்கி, திரும்பக் கொதிக்க வைக்க வேண்டுமா என்று நிச்சயம் கேட்பாள். சாப்பிடப்போவது பிள்ளைகள்.

டாக்டர், என் பாதிப் பதிலை நான் எழுதிவிட்டேன். அண்ணி தேங்காய்ப்பாலைக் கூட்டியதையும் எழுதிவிட்டேன். உங்கள் வாயிலிருந்து வந்ததை நீங்கள் சொல்ல வேண்டும். எனக்குப் போன் செய்ய வேண்டாம். அண்ணிக்குப் பாரம் அனுப்ப வேண்டாம். பெண்டாங் மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்கள் முன்னால், அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்: பொடி போட்ட குழம்பைத் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டுமா, வேண்டாமா? சுங்கை லாலாங்கில் நீங்கள் அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? கட்டாயம் என்று எந்தத் தாளில் எழுதியிருந்தீர்கள்? அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள். நாங்களும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்போம்.